சத்தம் எது வரைக்கும் வந்தது? ரீப்பரில் பதிவும் பிளகினும் மக்கர் செய்யும்போது

வீட்டில் பாட்டுப் பதிவு செய்யும் நண்பர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் ஒரு வரிதான். "சத்தம் வரல." "கரகரங்குது." "பிளகின் காணோம்." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. மைக்கில் புகுந்த குரல் கேபிள், இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), டிரைவர் (அந்தப் பெட்டியோடு கணினியைப் பேசவைக்கும் மென்பொருள்), ட்ராக் (பதிவு உட்காரும் வரிசை), பிளகின் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்), மாஸ்டர் (எல்லா ட்ராக்கும் வந்து சேரும் இடம்), திரும்பவும் டிரைவர், இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன் என்று இத்தனை படி ஏறி இறங்கித்தான் காதுக்கு வருகிறது. அது எந்தப் படி வரைக்கும் ஒழுங்காக வந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள எல்லா அறிகுறிகளிலும் நான் தேடுவது அந்த ஒரு படியைத்தான்.

உதாரணத்துக்கு ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். பாட்டுக் கேட்கும் மென்பொருளான வின்ஆம்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கெலின் காக்கோஸ் நிறுவனம் வெளியிடுவது. 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனி ஆட்களுக்கான உரிமம் 60 டாலர். குறைந்த செலவில் வீட்டுப் பதிவைத் தொடங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் மெனுக்களின் பெயர்தான் மாறும், காரணங்கள் மாறாது.

எதையும் தொடுவதற்கு முன்னால் ரீப்பர் ஜன்னலின் மேல் வலது மூலையைப் பாருங்கள். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது), எத்தனை உள்ளீடு, எத்தனை வெளியீடு, பஃபர் அளவு (ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்துக் கையாள்கிறது), தாமதம் எத்தனை மில்லிநொடி, எந்த டிரைவர் என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். விண்டோசில் அங்கே ஏசியோ (தாமதம் குறைவான டிரைவர் வகை) என்று இல்லாமல் வேவ்அவுட் என்றோ டைரக்ட்சவுண்ட் என்றோ இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முதலில் மாற்றுங்கள். கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தினால் பிரிஃபரன்சஸ் திறக்கும். அதில் ஆடியோ, அதற்குள் டிவைஸ். உங்கள் இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்களே தரும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். கணினியோடு வந்த சவுண்ட் கார்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் விண்டோசிலேயே இருக்கும் வாசாபி போதும்.

மீட்டரே அசையவில்லை

முதலில் இன்டர்ஃபேஸின் முகத்தைப் பாருங்கள். பாடும்போது அதில் உள்ள விளக்கு எரியவில்லை என்றால் கணினியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சத்தம் அதுவரை வந்து சேரவே இல்லை. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் வேண்டும், அந்தப் பொத்தான் அணைந்திருந்தால் மைக் ஊமைதான். எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை, மைக் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழைத்தான் தாராளமாகத் திருப்ப வேண்டும்.

விளக்கு எரிகிறது, ரீப்பர் மீட்டர் மட்டும் அசையவில்லை என்றால் தடை நடுவில் இருக்கிறது. ட்ராக்கின் சிவப்புப் பொத்தான் எரிகிறதா? எரிந்தால் அதன் மேல் வலது கிளிக் செய்து எந்த உள்ளீடு என்று பாருங்கள். மைக் இரண்டாவது துளையில் இருக்கும், ட்ராக் ஒன்றாவது உள்ளீட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும். இல்லையென்றால் உள்ளீடு மிடி (ஒலி அல்ல, கீபோர்டு அனுப்பும் சுரக் குறிப்பு) என்று இருக்கும். மேக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிஸ்டம் செட்டிங்சில் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதிப் பட்டியலில் ரீப்பருக்கு அனுமதி இல்லையென்றால் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் வெறும் நிசப்தம் பதிவாகும்.

மீட்டர் ஆடுகிறது, பதிந்து முடித்தால் எதுவும் இல்லை

அதே வலது கிளிக் மெனுவில் பதிவு முறை என்று சில தேர்வுகள் உண்டு. அதில் "டிசேபிள், இன்புட் மானிட்டரிங் ஒன்லி" என்பது தேர்வாகியிருந்தால் சத்தம் கேட்கும், மீட்டர் ஆடும், கோப்பு மட்டும் உருவாகாது. ஒரு கச்சேரி ஒத்திகை முழுவதையும் இப்படிப் பறிகொடுத்தவரை எனக்குத் தெரியும். பதிவாகாது என்பதை இன்னும் பளிச்சென்று காட்டியிருக்கலாம், இதில் மென்பொருள் மீது குறை சொல்வது நியாயம்தான். அதனால் யார் வீட்டில் பதிவு செய்தாலும் முதலில் பத்து நொடி பதிந்து, நிறுத்தி, போட்டுக் கேட்ட பிறகுதான் பாடகரை ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

ஒரு மைக்குக்கு ஸ்டீரியோ உள்ளீடு தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மோனோவுக்கு மாற்றுங்கள். ஏற்கனவே பதிந்ததைத் திரும்பப் பாட வேண்டியதில்லை. அந்த ஐட்டத்தை, அதாவது பதிந்த துண்டை, தேர்ந்து எஃப்2 அழுத்தினால் வரும் பெட்டியில் சேனல் முறையை மோனோ, இடது என்று மாற்றினால் சரியாகிவிடும்.

என் குரலே எனக்கு இரண்டாகக் கேட்கிறது

அதிகம் பேரைப் பாட விடாமல் செய்யும் தொல்லை இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் குரல் ஹெட்ஃபோனுக்கு வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்டர்ஃபேஸுக்குள்ளேயே நேராகத் திரும்பி வருவது. இதை டைரக்ட் மானிட்டர் என்பார்கள், தாமதம் கிட்டத்தட்ட இல்லை. இன்னொன்று, கணினிக்குள் போய் ரீப்பரைச் சுற்றிவிட்டு வருவது. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஒரே குரல் முன்னும் பின்னுமாக வந்து ஒன்றோடொன்று மோதும். இடைவெளி சிறிதானால் குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோலவும், பெரிதானால் எதிரொலி மாதிரியும் கேட்கும். எதையாவது ஒன்றை மூடுங்கள். சும்மா பாடிப் பதிய நேர்வழி போதும். ட்ராக்கில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அணைத்துவிடுங்கள். ரிவெர்ப் (மண்டபத்தில் பாடுவது மாதிரியான முழக்கம்) போட்டுக் கேட்டுக்கொண்டே பாட வேண்டும் என்றால் ஸ்பீக்கர் படத்தை வைத்துக்கொண்டு இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரை மூடுங்கள்.

இரண்டாவது வழியில் வந்தால் தாமதம் எவ்வளவு? பஃபர் அளவைச் சாம்பிள் ரேட்டால் வகுத்தால் தெரியும். 44,100 சாம்பிளில் 128 பஃபர் என்றால் 2.9 மில்லிநொடி. 512 என்றால் 11.6. 1024 என்றால் 23. இது ஒரு பக்கத்துக்கு மட்டும். போகவும் வரவும் சேர்த்து, டிரைவரின் சொந்தத் தாமதத்தையும் கூட்டினால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது 3 மில்லிநொடிக்கு ஒரு மீட்டர். 10 மில்லிநொடி தாமதம் என்றால் மிருதங்கம் உங்களிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பது மாதிரி. அதைச் சமாளித்துவிடலாம். 40 மில்லிநொடி என்றால் மிருதங்கம் மண்டபத்தின் பின்வரிசைக்குப் போய்விட்டது. தாளம் நிற்காது.

ஆகவே பதியும்போது பஃபர் 128, முடிந்தால் 64. பதிவு முடிந்து, ட்ராக்குகளின் அளவைச் சரிக்கட்டிச் சேர்க்கும் மிக்ஸிங் தொடங்கியதும் 1024-க்கு ஏற்றிவிடுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போய்வருவதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள்.

பஃபர் 128-தான், ஆனாலும் தாமதம் அதிகமாக இருக்கிறது என்றால் பிளகினைச் சந்தேகப்படுங்கள். மாஸ்டரில் லிமிட்டரோ (உச்சத்தை அடக்குவது) லீனியர்-ஃபேஸ் ஈக்யூவோ (ஒரு வகை டோன் கன்ட்ரோல்) உட்கார்ந்திருக்கும். அவை வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்ப்பதற்காகக் கொஞ்சம் ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிளகின்கள் இருக்கும் எஃப்எக்ஸ் ஜன்னலின் அடியில் எத்தனை சாம்பிள் பிடித்து வைத்திருக்கிறது என்று ரீப்பரே காட்டும். 4096 என்று இருந்தால் 93 மில்லிநொடி போச்சு. பதிவு முடியும்வரை மாஸ்டர் எஃப்எக்ஸை அணைத்துவையுங்கள்.

புளூடூத் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பதிய முயல்பவர்களும் உண்டு. அதில் மட்டுமே பெரும்பாலும் 100 மில்லிநொடிக்கு மேல் போய்விடும், ரீப்பரில் எந்த அமைப்பை மாற்றினாலும் அது குறையாது. நூறு ரூபாய் ஒயர் இயர்ஃபோனானாலும் அதைவிட மேல்.

பாடும்போது சரியாக இருந்தது, கேட்கும்போது தாளம் பின்தங்குகிறது

மேலே சொன்னதும் இதுவும் ஒன்றல்ல. இங்கே நீங்கள் தாளத்தோடுதான் பாடினீர்கள், பதிந்ததை ரீப்பர் தப்பான இடத்தில் வைத்துவிட்டது. டிரைவர் "எனக்கு இவ்வளவு தாமதம்" என்று சொல்வதை நம்பி ரீப்பர் பதிவை முன்னால் நகர்த்தி வைக்கிறது. டிரைவர் பொய் சொன்னால் அந்தக் கணக்கு தவறும்.

அளந்து பார்த்துவிடலாம். இன்டர்ஃபேஸின் ஒரு வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளைச் சொருகுங்கள். ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள், ஸ்பீக்கர் சத்தத்தைக் குறையுங்கள், பதியும் ட்ராக்கின் ஸ்பீக்கர் படத்தை அணையுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். ஒரு ட்ராக்கில் மெட்ரோனோம் மாதிரி கூர்மையான தட்டல் ஒன்றை வைத்து, அதை ஒலிக்கவிட்டுப் பக்கத்து ட்ராக்கில் பதியுங்கள். இரண்டு வேவ்ஃபார்மையும் (திரையில் தெரியும் ஒலி அலை) பெரிதாக்கி இடைவெளியைச் சாம்பிள் கணக்கில் பாருங்கள். 44,100-ல் 220 சாம்பிள் என்றால் 5 மில்லிநொடி. பிரிஃபரன்சஸில் ஆடியோவுக்குள் ரெக்கார்டிங் பக்கத்தில் டிரைவர் சொல்லும் தாமதத்தை நம்பு என்கிற டிக்கும், கையால் கொடுக்கும் ஆஃப்செட் கட்டங்களும் இருக்கின்றன. அந்த எண்ணை அங்கே கொடுத்து மறுபடி அளந்து பாருங்கள். ஒருமுறை செய்தால் அதே டிரைவர், அதே பஃபர் இருக்கும்வரை கவலையில்லை.

சுருதி இறங்கிவிட்டது

"பாட்டு கொஞ்சம் மெதுவாக, கனமாகக் கேட்கிறது" என்று ஒருவர் கோப்பு அனுப்பினார். இன்டர்ஃபேஸ் 48,000-ல் ஓடியிருக்கிறது, கோப்பில் 44,100 என்று எழுதப்பட்டிருக்கிறது. விகிதம் 1.088. ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே எங்கோ போய் நிற்பார். தனியாகக் கேட்டால் சந்தேகம் வராது, தம்புராவோடு வைத்தால் உடனே தெரியும். நான்கு நிமிடப் பாட்டு 21 நொடி நீளும்.

திரும்பப் பாட வேண்டாம். எஃப்2 பெட்டியில் பிளேபேக் ரேட்டை 1.088435 என்று கொடுத்து, சுருதியைக் காப்பாற்று என்கிற டிக்கை எடுத்துவிட்டால் பழைய சுருதியும் வேகமும் ஒருசேரத் திரும்பும். அப்புறம் ஆல்ட் என்டர் அழுத்திப் புராஜெக்ட் அமைப்பிலும், இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனலிலும் ஒரே எண்ணை வையுங்கள். பதியும் நேரத்தில் பிரவுசரை மூடிவிடுவது நல்லது, அது இன்டர்ஃபேஸைத் தன் வேகத்துக்கு இழுக்கப் பார்க்கும்.

கரகரப்பு, டிக் டிக் சத்தம்

சத்தம் வந்த இடத்தைத் திரும்ப இரண்டு தடவை போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக அதே இடத்தில் வந்தால் அது கோப்புக்குள்ளேயே இருக்கிறது, பதியும்போது நடந்தது. இடம் மாறி மாறி வந்தால் கோப்பு சுத்தம், இப்போது கணினிதான் திணறுகிறது. இந்தச் சோதனை செய்யாமல் பஃபரை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கோப்புக்குள் இருக்கிறது என்றால் வேவ்ஃபார்மைப் பெரிதாக்குங்கள். தலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் கெயின் அதிகம். மிருதங்கத்தில் இது அடிக்கடி நடக்கும். சவுண்ட் செக்கில் வாசிப்பவர் மெதுவாக நாலு தட்டு தட்டிக் காட்டுவார், தீர்மானத்தில் வலந்தலையில் விழும் அடி அதைவிடப் பல மடங்கு. அதனால் "உச்சத்தில் எப்படி வாசிப்பீர்களோ அப்படி ஒரு கோர்வை வாசியுங்கள்" என்று கேட்டுத்தான் கெயின் வைக்க வேண்டும். 24 பிட்டில் பதிந்தால் மீட்டரில் சராசரி மைனஸ் 18 டெசிபல், உச்சம் மைனஸ் 8 டெசிபல் போதும். இந்த இடத்தில் ரீப்பர் ட்ராக்கில் ஒலி அளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்கிப் பயனில்லை. அது நீங்கள் கேட்கும் அளவை மாற்றும், பதியும் அளவை மாற்றாது. இன்டர்ஃபேஸில் உள்ள குமிழ்தான் பதிவை ஆள்கிறது. அங்கே வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். 32 பிட் ஃப்ளோட் என்று கோப்பை மாற்றினாலும் திரும்பாது.

தலை வெட்டுப்படவில்லை, ஆனால் வேவ்ஃபார்ம் நடுவில் அறுந்து ஒட்டியதுபோல் இருக்கிறது என்றால் பஃபர் போதவில்லை. 128-ல் இருந்தால் 256 வைத்துப் பாருங்கள். யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியில் சொருகுங்கள். விண்டோசில் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்சுக்கு மாற்றுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் லேட்டன்சிமான் என்கிற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று பெயரோடு காட்டும். வைஃபை டிரைவராக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பதியும்போது மட்டும் வைஃபையை அணைத்தால் போதும்.

போட்டுக் கேட்கும்போது மட்டும் கரகரக்கிறது என்றால் கன்ட்ரோல், ஆல்ட், பி மூன்றையும் அழுத்திப் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைத் திறங்கள். எந்த ட்ராக் எவ்வளவு தின்கிறது என்று தெரியும். பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. ரீப்பர் சாதாரணமாக ஒலியை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும், ஆனால் சிவப்புப் பொத்தானும் ஸ்பீக்கர் படமும் எரியும் ட்ராக்கில் அப்படிச் செய்ய முடியாது, அந்தந்த நொடியிலேயே கணக்கிட்டாக வேண்டும். பதிவு முடிந்த பிறகும் பத்து ட்ராக்கில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தால் நல்ல கணினியும் மூச்சு வாங்கும். எல்லாவற்றையும் அணையுங்கள். அப்புறமும் கனமாக இருக்கிற ட்ராக்கை வலது கிளிக் செய்து ஃப்ரீஸ் செய்துவிடுங்கள் (பிளகின் வேலையை ஒலிக் கோப்பாக எழுதிவைப்பது), வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்தாற்போல் ஒரே இடைவெளியில் ஒலி விட்டுப்போகிறதா? அது பழுதல்ல. பெரும்பாலும் ஏதோ ஒரு பிளகின் இன்னும் காசு கட்டாத டெமோவில் இருக்கிறது.

உம்மென்ற இரைச்சல்

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உடனே நின்றால் எர்த்திங் பிரச்சினை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் உறுமல் 50-லும் 100-லும் வரும். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், எர்த் சரியாக உள்ள மூன்று முனை பிளக்கில் போடுங்கள். எர்த் முனையை உடைத்துவிட்டுப் போடுவது உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். சார்ஜரால் அல்ல, சீலிங் ஃபேனால் என்றால் ஃபேனை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். பதிந்தாகிவிட்டது என்றால் ரீப்பரோடு வரும் ரியாஃபிர் என்கிற பிளகின் உதவும். சப்டிராக்ட் முறையில் வைத்து, இரைச்சல் மட்டும் உள்ள இரண்டு நொடியை அதற்குக் கற்றுக்கொடுத்து, கற்கும் டிக்கை மறக்காமல் எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். அளவாகப் போட்டால் சரி, அதிகமானால் குரல் தண்ணீருக்குள் போய்விடும்.

ரிவெர்ப் போட்டுப் பதிந்தேன், அனுப்பிய கோப்பில் இல்லை

ட்ராக்கில் போட்ட பிளகின் கேட்பதற்கு மட்டும்தான், பதிவு அதற்கு முன்னாலேயே எடுக்கப்படுகிறது. கோப்புறையில் இருக்கும் வேவ் கோப்பை அப்படியே அனுப்பினால் வறண்ட குரல்தான் போகும். ரெண்டர் செய்து, அதாவது பிளகின்களோடு சேர்த்துப் புதுக் கோப்பாக எழுதி அனுப்புங்கள். பதியும்போதே சேர வேண்டும் என்றால் இன்புட் எஃப்எக்ஸில் போடலாம், ஆனால் பிறகு பிரிக்க முடியாது. குரலுக்கு நான் அப்படிச் செய்வதே இல்லை.

பிளகின் நிறுவினேன், பட்டியலில் இல்லை

விஎஸ்டி என்பது பிளகின்களின் ஒரு வடிவம், அதில் புதியது விஎஸ்டி3. விண்டோசில் அதற்கு வழக்கமான இடம் ஒன்று உண்டு: சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3. அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய விஎஸ்டி2-வுக்கு அப்படி ஒரு நிலையான வீடு கிடையாது, நிறுவும்போது எங்கே போட்டீர்களோ அந்தக் கோப்புறையைப் பிரிஃபரன்சஸில் பிளக்-இன்ஸ், விஎஸ்டி பக்கத்தில் நீங்களே சேர்க்க வேண்டும். பிறகு ரீ-ஸ்கேன் பொத்தானில் கேஷை (முந்தைய தேடலின் நினைவு) அழித்துவிட்டுத் தேடும் தேர்வை அழுத்துங்கள். முதல்முறை தேடும்போது திணறிய பிளகினை ரீப்பர் ஒதுக்கி வைத்திருக்கும், சாதாரணத் தேடலில் அது திரும்ப வராது. விஎஸ்டி2-வுக்கான மென்பொருள் கருவிகளை விஎஸ்டியை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் 2018-லேயே நிறுத்திவிட்டது, ஆகவே ஒரே பிளகின் இரண்டு வடிவிலும் கிடைத்தால் விஎஸ்டி3-ஐ எடுங்கள்.

புராஜெக்டைத் திறந்தாலே மூடிக்கொள்கிறது

பதறி எதையும் அழிக்காதீர்கள், உங்கள் பதிவுகள் கோப்புறையில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுக்கும்போது அந்தப் பெட்டியின் அடியில் எஃப்எக்ஸை ஆஃப்லைனில் வைத்துத் திற என்கிற ரெகவரி தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்தால் எந்தப் பிளகினும் ஓடாமல் புராஜெக்ட் திறக்கும். இப்போது ஒவ்வொன்றாக ஆன்லைன் கொண்டுவாருங்கள். எதைத் தொட்டதும் சாகிறதோ அதுதான் குற்றவாளி. அதை விட முடியாது என்றால் எஃப்எக்ஸ் பட்டியலில் வலது கிளிக் செய்து ரன் ஆஸ் என்பதில் தனி புராசஸாக ஓடவிடுங்கள். கொஞ்சம் சிபியூ கூடுதலாகத் தின்னும், ஆனால் அது விழுந்தாலும் ரீப்பரை இழுத்துக்கொண்டு விழாது.

அப்படியும் தீரவில்லை, எழுதிக் கேட்க வேண்டும்

முதலில் ரீப்பர் நிறுவும் கோப்பைத் திரும்ப ஓடவிட்டு, போர்ட்டபிள் என்பதைத் தேர்ந்து வேறு ஒரு கோப்புறையில் போடுங்கள். உங்கள் பழைய அமைப்புகள் எதுவும் தொடாத புதுப் பிரதி அது. அதில் வெறும் புராஜெக்ட், ஒரு ட்ராக், ஒரு பிளகின். அங்கேயும் அதே பிழை வந்தால் எழுதுங்கள், வராவிட்டால் காரணம் உங்கள் அமைப்புகளில் இருக்கிறது.

"ரீப்பர் கரகரக்கிறது, சரிசெய்யவும்" என்று வருவதை எந்த நிரலாளராலும் எடுத்து ஆராய முடியாது. இப்படி எழுதினால் எடுத்துக்கொள்வார்: "விண்டோஸ் 11, ரீப்பர் பதிப்பு எண் இது, ஏசியோ, 48,000, பஃபர் 128. புது புராஜெக்டில் ஒரு மோனோ ட்ராக், இந்தப் பிளகினின் விஎஸ்டி3 வடிவம். ஸ்பீக்கர் படம் எரியும்போது பிளகின் ஜன்னலை மூடித் திறந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு டிக் சத்தம் பதிவாகிறது. விஎஸ்டி2 வடிவத்தில் வரவில்லை. பஃபர் 512-லும் வருகிறது. பத்து நொடிக் கோப்பும் புராஜெக்டும் இணைத்திருக்கிறேன்."